பாதிச் சுவர் அலுமாரி

நிஸார் இந்த உலகத்தில் முழுசாக நம்பியது பூட்டை மட்டும்தான். அதையும் பூட்டிய பிறகு ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். "அந்தப் பூட்டுக்கு வாய் இரிந்தா கத்தி அழும்" என்பாள் அவருடைய மனைவி உம்மு குல்சூம்.

பூட்டியிருந்தது வீட்டின் பின்பக்கத்து அறை. புத்தளத்துக்குப் பக்கத்துப் பாலாவியில் உப்பளக் காற்று நேராக வந்து மோதுகிற பக்கம். உள்ளே ஒரு பக்கம் சுவரை அடைத்த டீவி, மூலைக்கு மூலை ஸ்பீக்கர், நடுவில் சாய்வுக் கதிரை. பின் சுவர் முழுக்கப் பலகை அடித்து, அதில் படங்கள். எல்லாம் ஃபோர்-கே டிஸ்க். வீட்டில் மற்றவர்களுக்கு அது 'சீடி'. அந்தச் சொல் காதில் விழுந்தாலே அவருக்குக் கோபம் வந்துவிடும். "சீடி இல்ல, ஃபோர்-கே. ஒட்டகத்துட கண்மயிர எண்ணலாம் இதுல" என்று தொடங்குவார். கேட்டவர் எழுந்து போகும்வரை நிறுத்தமாட்டார்.

தோஹாவில் ஓர் எலெக்ட்ரானிக் கடையில் பாதி ஆயுளைக் கழித்தவர். முதலில் பின்கட்டில் பழுது பார்த்தார், பிறகு முன்னால் நின்று விற்றார். "என்ட பிளேயர் படம் காட்டுதில்ல" என்று சத்தம் போட்டுக்கொண்டு வரும் அரபியிடமும் மலையாளியிடமும் அவர் சொன்னது ஒரே வார்த்தைதான்: முதலில் லென்ஸைத் துடைத்துப் பார், பிறகு கம்பெனியைத் திட்டு. பத்தில் ஒன்பது பேருக்கு அதிலேயே காரியம் முடிந்துவிடும். இந்த வசனத்தை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் நல்லது. நிஸார் வைத்துக்கொள்ளவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தார். லீவில் வருகிறவர்களின் பெட்டிக்குள் இரண்டு, மூன்று என்று வந்து சேர்ந்தன. பாலைவனப் படம், கடல் படம், யுத்தப் படம். கதையைப் பற்றி அவருக்குப் பெரிய அக்கறை இல்லை. படம் சுத்தமாக இருக்க வேண்டும். கடல் படத்தை நிறுத்தி, "அலையில துளி துளியாத் தெரியுது பாருங்க" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவார். "யன்னலத் தொறந்தா களப்புத் தண்ணியே தெரியுதே" என்று அவள் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

மகள் ஷிஹாராவும் கேட்டுப் பார்த்தாள். "இதெல்லாம் இப்ப போன்லயே வருதே வாப்பா."

"போன்ல வாறது, அவன்ட வீட்டுல போய் இருந்து நாம பாக்கிறது. அவன் கதவச் சாத்தினா வெளியிலதான் நிக்கோணும்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களையெல்லாம் வெளியேற்றியபோது மன்னாரை விட்டு வந்த வாப்பாவுக்குப் பதினெட்டு வயது என்பதும், ஒரு பையோடு படகேறியவர் என்பதும் அவளுக்குத் தெரியும். கையில் இல்லாத எதுவும் தன்னுடையதில்லை என்று அன்றைக்கு மனதில் விழுந்தது, பிறகு எழும்பவேயில்லை.

ஆனால் பாருங்கள், இவ்வளவு கவனமாக இருந்த மனுசன் இருந்த வீடே இப்போது அவருடையதில்லை. ஊர் வழக்கப்படி வீட்டை மகள் பெயருக்கு எழுதி, எலுவன்குளத்து றிஸ்மினை மாப்பிள்ளையாக வீட்டோடு எடுத்திருந்தார். மனம் ஒப்பித்தான் எழுதினார். கையெழுத்து வைத்த அன்றைக்கே ஒரு யோசனை வந்து உட்கார்ந்துகொண்டது: நாளைக்கு இந்தப் பையன் மெல்ல வந்து, "மாமா, அந்தப் பின்னறை..." என்று வாயெடுத்தால்?

றிஸ்மின் அப்படி வாயெடுக்கவில்லை. அவன் எதற்குமே அதிகம் வாயெடுக்கிறவன் இல்லை. புத்தளத்தில் அலுமினியம், கண்ணாடி வேலை செய்யும் பட்டறை ஒன்றில் வேலை. காலையில் போவான், பின்னேரம் உடுப்பெல்லாம் வெள்ளித் தூளாக வருவான், குளிப்பான், சாப்பிடுவான். மாமா கூப்பிட்டால் படம் பார்க்க உட்கார்ந்து, வசனம் தொடங்குமுன்பே தூங்கிவிடுவான். நிஸாருக்கு அது பெரிய சந்தேகம். கண் முன்னால் ஒட்டகத்தின் கண்மயிர் தெரியும்போது தூங்குகிறவன் மனதில் வேறு என்னமோ ஓடுகிறது என்று நினைத்தார். கேட்காமல் இருக்கிறவன் எடுக்கத்தான் பார்க்கிறான் என்றும் நினைத்தார்.

ஷிஹாராவுக்குத் தலைப்பிள்ளை வயிற்றில் வந்தபோது வீடே குளிர்ந்தது. நிஸாரும் சந்தோஷத்தில் முந்தல் கடையில் இறால் வாங்கிக் கொண்டுவந்து கொட்டினார். அன்றைக்குச் சாப்பிட்டுக் கைகழுவும்போதுதான் அவருக்கு உறைத்தது. பிள்ளை வந்தால் இடம் வேண்டும். இடம் என்றால் எந்த அறை?

இந்த நேரத்தில்தான் மக்பூல் வந்தான். தோஹாவில் ஒரே அறையில் இருந்த சிநேகிதன். பின்னறைக்குள் வந்து நின்று வாயைப் பிளந்தான். "அடேயப்பா, ஒரு கடையே வச்சிரிக்கிறாய்!" என்றான். பிளேயரைக் குனிந்து குனிந்து பார்த்தான். தேத்தண்ணி குடித்தான், போனான். கடைசிவரைக்கும், கண்படாமல் இருக்கச் சொல்கிற 'மாஷா அல்லாஹ்' என்ற ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

"கவனிச்சியா?" என்றார் நிஸார் மனைவியிடம், கேட்டைச் சாத்துமுன்பே.

"என்னத்த?"

"மாஷா அல்லாஹ் சொல்லல்ல. அவ்வளவு நேரம் பாத்தான், சொல்லல்ல. கண்ணூறு இது, வேறொண்டுமில்ல. வெள்ளி ராவைக்கு வீட்டுக்குச் சாம்பிராணி போடுறாய்தானே, இனி இந்த அறைக்கும் போடு. பிளேயர் பக்கம் நல்லாக் காட்டு. அதத்தான் அவன் கூடுதலாப் பாத்தது. கதவச் சாத்தி ஊறவிடு."

வெள்ளி ராவென்றால் வியாழன் பொழுது சாய்ந்ததுமே தொடங்கிவிடும். ஒவ்வொரு வியாழக்கிழமையும் மஃரிபுத் தொழுகைக்கு நிஸார் பள்ளிவாசலுக்குப் போனால் இஷாத் தொழுதுவிட்டுத்தான் வருவார். அந்த இடைவேளையில் உம்மு குல்சூம் சாம்பிராணிச் சட்டியோடு வீட்டைச் சுற்றி வந்து, அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால் தொங்கும் மற்றச் சாவியால் பின்னறையைத் திறந்து, சொன்னபடி செய்தாள். நிஸார் வரும்போது வீடு கமகமவென்றிருக்கும். கண்ணூறு கழிந்த நிம்மதியில் மூச்சை இழுத்துவிடுவார்.

சில வாரம் போயிருக்கும். ஒரு பின்னேரம் பாலைவனப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒட்டகங்கள் ஒரு மேட்டில் ஏறின. ஏறி, உச்சியில் நின்றுவிட்டன. பிறகு சதுரம் சதுரமாக உடைந்து, திரை கறுத்துப் போனது. நிஸார் பதறி எழுந்தார். டிஸ்க்கை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கீறல் இல்லை. அடுத்த நாள் கடல் படம். அது இடைவேளைவரைக்கும் போய் நின்றது. அதற்கடுத்தது தொடங்கவேயில்லை.

கருவியில் பழுது என்று ஒரு கணம்கூட அவருக்குத் தோன்றவில்லை. தோஹாவில் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்த உயர்ந்த சாமான் அது. தன் கையால் தெரிந்தெடுத்தது. அது பிழைக்காது. பிழைக்கிறது மனுசர்தான்.

படப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார். நாலைந்து பெட்டிகளின் கறுப்பு விளிம்பில் மெல்லிய வெள்ளித் தூள் ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு, விரல்களுக்கிடையில் தேய்த்தார். அலுமினியம்.

உடம்பெல்லாம் ஒரு குளிர் ஓடியது. கூடவே, சொல்ல வெட்கமாக இருந்தாலும், ஒரு சின்னத் திருப்தியும் ஓடியது. நான் நினைத்தது சரி!

அதன்பிறகு நிஸாருக்கு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. மேல்வரிசையில் ஒரு படப் பெட்டியை வேண்டுமென்றே தலைகீழாக வைத்தார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அது நேராக நின்றது. மனைவியைக் கேட்டார், "பின்னறைச் சாவிய ஆருக்காவது குடுத்தியா?"

"நான் ஆருக்குக் குடுக்க?" என்று சொல்லிவிட்டு அவள் மீனைக் கழுவத் தொடங்கினாள். இல்லையென்று அவள் சொல்லவில்லை. நிஸார் அதையும் மனதில் போட்டுக்கொண்டார். ஆக, இவளும் அந்தப் பக்கம்.

அடுத்த கிழமை ஒரு நாள், பின்னேரத்து அஸர் தொழுதுவிட்டு வழக்கத்துக்கு முந்தியே வீட்டுக்கு வந்து, முன்கதவால் போகாமல் சுற்றிக்கொண்டு பின்யன்னலுக்குப் போனார். தன் வீட்டுக்குள் தானே எட்டிப் பார்க்க வேண்டிய நிலை. உள்ளே றிஸ்மின் நின்றான். ஒரு கையில் படப் பெட்டி, மறு கையில் அளவு டேப். பெட்டியின் உயரத்தை அளந்தான். பிறகு டேப்பை இழுத்துச் சுவரை அளந்தான். சுவரின் நடுவே நின்று, மற்றப் பாதியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பார்த்துச் சிரித்தான்.

அந்தச் சிரிப்புத்தான் நிஸாரைச் சுட்டது. எல்லாம் வரிசையாக வந்து பொருந்தின. டிஸ்க்குகளைக் கெடுத்துவிட்டால் அறைக்கு வேலை இல்லை. வேலை இல்லாத அறையை யார் கேட்டாலும் கொடுக்கத்தான் வேண்டும். வீடும் அவர்களுடையது. அங்கேயே யன்னலைத் தட்டிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சந்தேகக்காரனுக்குப் பதில் கிடைத்துவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாதே. வந்த வழியே திரும்பிப் போய், ஒன்றும் தெரியாதவர் மாதிரி முன்கதவால் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எலுவன்குளத்திலிருந்து சம்மந்திமார் வந்தார்கள். றிஸ்மினின் வாப்பா சாஹுல் ஹமீது வயல்காரர். காட்டோரத்தில் யானைக்கு விழித்து விழித்தே கண் சிவந்த மனுசன். தயிர்ச் சட்டி, புது அரிசி, ஒரு பெரிய பூசணிக்காய் எல்லாம் கொண்டுவந்து இறக்கினார். ஷிஹாராவுக்கு மாசம் ஏறிவிட்டது, நடக்கும்போது மூச்சு வாங்கியது. மாமியார் அவளைப் பக்கத்தில் இருத்திக் காலைப் பிடித்துவிட்டாள். புரியாணி சாப்பிட்டு, எல்லோரும் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்த நேரம்.

"நிஸார் நானா, அந்தப் படம் ஒண்டு காட்டுங்களன்" என்றார் சாஹுல் ஹமீது, மரியாதைக்கு.

நிஸாருக்கு ஆசை விடவில்லை. இதுவரை நிற்காத ஒரு படத்தைப் போட்டார். காடு ஒன்று திரையில் விரிந்தது. சம்மந்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அல்லாஹ், எங்கட காடு மாதிரியே இரிக்கி" என்றார். ஒரு யானை மரங்களுக்கிடையில் இருந்து வெளியே வந்தது. தும்பிக்கையைத் தூக்கியது. தூக்கியபடியே நின்றது. பிறகு சதுரமாக உடைந்து போனது.

நிஸார் ரிமோட்டை அமத்தி அமத்திப் பார்த்தார்.

"சீடி பழசு போல" என்றார் சாஹுல் ஹமீது ஆறுதலாக.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. "பழசில்ல சம்மந்தி" என்று நிஸார் எழுந்து நின்றார். "பழுதாக்கினது. இந்த அறை வேணுமெண்டா என்ட மூஞ்சயப் பாத்துக் கேக்கலாம். வீடு அவங்கடதானே, நான் தடுக்கவா ஏலும்? கள்ளத்தனமா உள்ளுக்கு வந்து என்ட சாமான நாசமாக்கத் தேவையில்ல."

எல்லோருடைய கண்ணும் றிஸ்மின்மேல் போனது. அவன் கதவோரம் நின்றான். முகம் செத்துப் போயிருந்தது.

"மாமா, நான் உங்கட ஒரு படத்தையும் பழுதாக்கல்ல."

"உள்ளுக்கு வந்து சுவர அளந்தது பொய்யா?"

"அளந்தது உண்மதான்."

"ஏன் அளந்த?"

ஷிஹாரா வாயைத் திறந்தாள். "வாப்பா, அது வந்து..." றிஸ்மின் அவளைப் பார்த்துத் தலையை அசைத்தான். "சொல்ல வேணாம்" என்றான். "இப்ப சொன்னா, தப்புறத்துக்குச் சொன்ன மாதிரிதான் இரிக்கும்."

அன்றைக்குப் பின்னேரமே ஷிஹாராவும் றிஸ்மினும் சம்மந்தியோடு போய்விட்டார்கள். மாப்பிள்ளை பெண்ணைக் கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போவதென்றால் எங்கள் பக்கத்தில் ஊருக்கே கேட்கும் சங்கதி. அதுவும் வயிற்றில் தலைப்பிள்ளையோடு. சம்மந்தியின் வான் ஒழுங்கையைத் தாண்டுமுன்பே நாலு கேட் திறந்து மூடின. ஷிஹாரா பின்சீட்டில் இருந்து திரும்பிப் பார்க்கவில்லை. உம்மு குல்சூம் அழுதுகொண்டே உள்ளே போனவள், அதற்குப் பிறகு புருசனோடு கதைக்கவில்லை. சோறு போட்டு வைப்பாள், போய்விடுவாள். வியாழக்கிழமை வந்தது. சாம்பிராணிச் சட்டி அடுப்படி மூலையிலேயே கிடந்தது.

நிஸார் முதல் இரண்டு நாள் வீம்பாக இருந்தார். மூன்றாம் நாள் வீட்டின் அமைதி அவரைத் தின்னத் தொடங்கியது. எலுவன்குளம் காட்டோரம். நேரம்காலம் இல்லாமல் வலி எடுத்தால் அந்த ரோட்டில் ஆஸ்பத்திரிக்கு எப்படி வருவது? மகள் தன் உம்மாவின் வீட்டில் பெற வேண்டிய முதல் பிள்ளை. இந்த நினைப்பு வரும்போதெல்லாம், 'அவன்தானே கூட்டிக்கொண்டு போனான்' என்று அந்தக் குற்றத்தையும் றிஸ்மின் கணக்கிலேயே போட்டுக்கொண்டார்.

அந்த நேரத்தில் தோஹாவிலிருந்து லீவில் வந்த ஒருவர், முன்னமே சொல்லி வைத்திருந்த புதுப் படம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மேலே சுற்றிய பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. நிஸார் அதைத் தானே நகத்தால் கிழித்தார். விளிம்பை மட்டும் பிடித்து எடுத்தார். ஒரு மனுசருடைய கை படாத டிஸ்க். போட்டார்.

தலைப்பு வந்தது. ஒரு கிழவன் வள்ளத்தைத் தள்ளினான். நின்றான். உடைந்தான்.

நிஸார் கதிரையில் அப்படியே இருந்தார். வீட்டில் றிஸ்மின் இல்லை. ஷிஹாரா இல்லை. மனைவி பின்னறைப் பக்கமே வரவில்லை. சந்தேகப்படுவதற்கு இனி ஆள் இல்லை. பிளேயர் மட்டும்தான் மிச்சம். அப்போதுதான், இத்தனை வருசம் ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்ன வசனம் அவருக்கு ஞாபகம் வந்தது.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து பிளேயரின் மூடியைக் கழற்றினார். கை தன் தொழிலை மறக்கவில்லை. லென்ஸ் ஒரு கடலைப்பருப்பு அளவுதான். தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்க வேண்டியது, தேத்தண்ணி நிறத்தில் மங்கிக் கிடந்தது. பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்தார். பஞ்சில் பிசுக்கு. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

சாம்பிராணி.

"குல்சூம்!" என்று கத்தினார். அவள் கதவடியில் வந்து நின்றாள். பஞ்சை நீட்டிக் காட்டினார்.

"நீ எப்பிடிப் புகை காட்டின?"

இத்தனை நாளைக்குப் பிறகு அவள் வாய் திறந்தாள். "நீங்க சொன்ன மாதிரித்தான். பிளேயர் பக்கம் நல்லாக் காட்டச் சொன்னீங்க. அந்தப் பட்டன அமத்தி, வாயத் தொறந்து, உள்ளுக்கும் போகட்டுமெண்டு சட்டியக் கிட்ட வச்சன். ஊறவிடச் சொன்னீங்க, ஊறவிட்டன். ஒரு கிழமையும் விடல்ல." பிறகு அவர் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டாள். "யா அல்லாஹ். அதாலயா?"

நிஸார் லென்ஸை மெதுவாகத் துடைத்து, மூடியைப் போட்டு, அதே டிஸ்க்கைத் திரும்ப வைத்தார். கிழவன் வள்ளத்தைத் தள்ளினான். வள்ளம் தண்ணீரில் இறங்கியது. கடல் பளபளவென்று அறை முழுக்க விரிந்தது, ஒரு தடங்கலும் இல்லாமல். இவ்வளவு சுத்தமான படத்தை அவர் பார்த்ததேயில்லை. பார்க்க முடியாமல் அணைத்துவிட்டார்.

"அப்ப அவன் அளந்தது?" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

"உங்கட சீடிக்கு உப்புக் காத்துப் படுதெண்டு அலுமாரி செய்றார் அந்தப் புள்ள. பட்டறையில, வேல முடிஞ்ச பொறகு நிண்டு. பெருநாளைக்குக் குடுக்கோணும், மாமாக்குச் சொல்ல வேணாமெண்டார். சாவி குடுத்தது நான்தான்."

அதையும் நிஸார் நம்பவில்லை. பிறவிக் குணம் ஒரே நாளில் போய்விடுமா? மறுநாள் காலையில் காரை எடுத்துக்கொண்டு புத்தளத்துக்குப் போனார், பட்டறைக்கு.

றிஸ்மின் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை. அலுமாரி அங்கே ஒரு மூலையில், சாக்குப் போர்த்தியபடி நின்றது. சாக்கை விலக்கினார். மண்ணிற அலுமினியச் சட்டம், கண்ணாடிக் கதவு. கதவு விளிம்பெல்லாம் காற்றுப் புகாமல் ரப்பர் வைத்திருந்தது. ஒரு தட்டுக்கும் மறு தட்டுக்கும் இடையில் ஒரு படப் பெட்டி நிற்கவும் ஒரு விரல் நுழையவும் மட்டுமான இடம். கதவைச் சாத்திப் பார்த்தார். காற்றை உறிஞ்சிக்கொண்டு மெல்லச் சாத்திக்கொண்டது. திறந்து, இன்னொரு தரம் சாத்தினார்.

ஆனால் அகலம் குறைவு. கண்ணாலேயே தெரிந்தது. சுவரில் பாதிதான் வரும்.

"இது ஏன் பாதி?" என்று அங்கே நின்றவரிடம் கேட்டார்.

"தட்டக் கூட்டி உயரமாக் கட்டினா எல்லாம் பாதிச் சுவருல அடங்குமாம். மத்தப் பாதியில தொட்டில் தொங்கவிடோணுமெண்டார் றிஸ்மின்."

பார்த்தாயா, என்றது நிஸாரின் உள்மனம் உடனே. அறை வேண்டும் என்றுதானே நானும் சொன்னேன்? பழைய திருப்தி ஒரு தரம் தலையைத் தூக்கிப் பார்த்தது. அவர் குனிந்தார். அலுமாரியின் அடியில் இரண்டு தட்டுகள் இருக்க வேண்டிய இடம் மூடிக் கிடந்தது. கண்ணாடி இல்லை, வெறும் பலகை.

"இதுக்குள்ள ஒண்டும் வைக்க ஏலாதே?"

"அது வேணுமெண்டுதான் மூடினது. புள்ள தவழுற காலத்துல கை எட்டாம இரிக்கோணுமாம். மாமாட சாமான் எண்டார்."

நிஸார் சாக்கை எடுத்து அலுமாரியைத் திரும்பப் போர்த்தினார். நன்றாக இழுத்து, மூலைகளை மடித்துவிட்டார். வீட்டுக்குத் திரும்பிப் போய், பின்னறை யன்னல் விளிம்பில் றிஸ்மின் விட்டுப்போன அளவு டேப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். அறையைப் பூட்டாமல் காரில் ஏறினார். வண்ணாத்திவில்லு தாண்டிக் காட்டு ரோட்டில் போகும்போதுதான் பூட்டாதது ஞாபகம் வந்தது. கால் பிரேக்கில் போனது. பிறகு எடுத்துவிட்டார்.

எலுவன்குளத்தில் அவரை யாரும் முகம் சுழித்து வரவேற்கவில்லை. அதுதான் இன்னும் கூடுதலாகச் சுட்டது. சாஹுல் ஹமீது கதிரை எடுத்துப் போட்டார். தேத்தண்ணி வந்தது. ஷிஹாரா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவில் சாய்ந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. றிஸ்மின் வயலில் இருந்து வந்து, கையைக் கழுவிக்கொண்டு, "வாங்க மாமா" என்றான். அவ்வளவுதான்.

நிஸார் தேத்தண்ணியைத் தொடவில்லை. எழுந்து நின்றார்.

"சம்மந்தி, நான் உங்களுக்கு முன்னால வச்சுத்தான் இந்தப் புள்ளயக் கள்ளன் எண்ட மாதிரி கதைச்சது. அப்ப உங்களுக்கு முன்னால வச்சுத்தான் இதையும் சொல்லோணும். பிழை என்டது. பிளேயருக்குள்ள புகை போயிரிக்கி. போடச் சொன்னதும் நான்தான். புள்ள ஒண்டுமே செய்யல்ல. அலுமாரியப் பாத்திட்டுத்தான் வாறன்."

இதைச் சொல்லி முடிக்கும்போது அவருக்கு வேர்த்து வடிந்தது. பையில் இருந்த டேப்பை எடுத்து மருமகனிடம் நீட்டினார்.

"உங்கட டேப்ப விட்டுட்டு வந்திட்டீங்க. தொட்டில் கொக்கிக்கு அளவெடுக்கோணும். எனக்குச் சரியா வராது."

றிஸ்மின் டேப்பை வாங்கினான். கொஞ்சம் இழுத்தான், விட்டான். அது சடக்கென்று உள்ளே போனது. "கொக்கிக்கு அளவு நான் அண்டைக்கே எடுத்திட்டன் மாமா" என்றான். சாஹுல் ஹமீது முதலில் சிரித்தார். ஷிஹாரா சிரிக்கவில்லை.

"வாப்பா" என்றாள். "நாளைக்கு இன்னொரு படம் நிக்கும். எதாவது ஒண்டு காணாமப் போகும். அப்ப ஆர நினைப்பீங்க?"

நிஸாருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "தெரியா மகள்" என்றார். "நினைப்பு வரும். அது என்ட கையில இல்ல. வாயால வராம பாத்துக்கொள்றன்."

அவள் உடுப்புப் பையை எடுக்க உள்ளே போனாள்.

புறப்படும்போது சம்மந்தி சும்மா விடவில்லை. ஒரு மூட்டை அரிசியும் இரண்டு பூசணிக்காயும் காரின் முன்சீட்டை அடைத்துக்கொண்டன. ஷிஹாராவும் றிஸ்மினும் பின்னால் ஏறினார்கள். நிஸார் பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினார். குலுங்கினால் மகளுக்கு ஆகாது.

கொஞ்ச தூரம் போயிருக்கும். கார்க் கண்ணாடியில் பின்சீட்டு தெரிந்தது. றிஸ்மின் ஷிஹாராவின் காதுக்குக் கிட்டக் குனிந்து ஏதோ சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இருவரும் ஒரு தரம் அவருடைய முதுகைப் பார்த்தார்கள்.

என்ன சொல்லியிருப்பான்? என்னைப் பற்றித்தான். அறை கிடைத்துவிட்டது என்றா? கிழவன் வழிக்கு வந்துவிட்டான் என்றா? ஸ்டீயரிங்கைப் பிடித்த கை இறுகியது. கண்ணை ரோட்டுக்கு இழுத்தாலும் அது திரும்பத் திரும்பக் கண்ணாடிக்கே போனது. கேள்வி நாக்கு நுனிவரை வந்து நின்றது.

நிஸார் கையை உயர்த்தி, கண்ணாடியை மேலே திருப்பிவிட்டார். இப்போது அதில் காரின் கூரை மட்டும் தெரிந்தது.

றிஸ்மின் கவனித்துவிட்டான். "மாமா, கண்ணாடி திரும்பிட்டு. பின்னால வாகனம் வந்தா உங்களுக்குத் தெரியாதே?"

"ஓம், தெரியாதுதான்" என்றார் நிஸார், ரோட்டைப் பார்த்தபடி. "நீங்க பாத்துச் சொல்லுங்க மகன்."